ஆகாய விமானத்துக்கும் பட்டி பார்க்க வேண்டும்!

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் 2022-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ந் தேதி ஒரு சின்னஞ்சிறு விமானம் வந்து இறங்கியது. பெங்களூரில் கிளம்பி, 140 கடல் மைல் தூரத்தைச் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கடந்து வந்த விமானம் அது.

அதில் இரண்டே பேர்தான் உட்காரலாம். விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்காகப் பெங்களூரில் உள்ள தேசிய விமான ஆய்வுக்கூடம் அதை உருவாக்கியது. அதன் பெயர் "ஹன்சா என்.ஜி." ஹன்சா என்றால் அன்னப் பறவை.

இந்த அன்னம் எதற்காகப் புதுச்சேரிக்கு வந்தது?

பெங்களூர் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று சற்று லேசு. கடலோரத்தில் காற்று கனம். கனத்த காற்றில் விமானம் எப்படி ஏறுகிறது, எப்படிப் பறக்கிறது, எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் வந்தது. மார்ச் 5-ந் தேதி வரை தங்கி, 18 மணி நேரம் பறந்து காட்டிவிட்டு, ஊர் திரும்பியது.

இந்த விமானத்தில் ஒரு விசேஷம் உண்டு. இதன் உடம்பு இரும்பும் அல்ல, அலுமினியத் தகடும் அல்ல. நூலையும் பிசினையும் சேர்த்துச் செய்தது!

அப்படிப்பட்ட விமானத்தை ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் தாமே கட்ட முடியுமா? முடியும். பலர் கட்டியிருக்கிறார்கள். ஆனால் இறக்கையைச் செய்வதோடு அவர்கள் வேலை முடிந்துவிடாது. இறக்கைக்குப் பட்டி பார்க்க வேண்டும். வீட்டுச் சுவருக்குப் பெயிண்டர் பட்டி பார்க்கிறாரே, ஏறக்குறைய அதே வேலைதான். ஒரு வித்தியாசம் உண்டு. சுவரில் பட்டி சரியில்லை என்றால் பார்க்க நன்றாக இராது. அவ்வளவுதான். விமானத்தில் பட்டி சரியில்லை என்றால் உயிருக்கே ஆபத்து!

இந்த வேலையின் நுட்பம் விளங்குவதற்கு வெளிநாடு போக வேண்டாம். வில்லியனூரில் மண் பிசைகிறவர்களுக்கும், பாகூரில் நாற்றங்காலுக்குச் சேறு கலக்குகிறவர்களுக்கும் இதில் பாதி தெரியும்.

நூலும் பிசினும்

கண்ணாடியை உருக்கி, மெல்லிய இழையாக இழுக்கலாம். அந்த இழையைத் துணியாக நெய்யலாம். துணியைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டினால் சில மணி நேரத்தில் இறுகிவிடும். எடை கொஞ்சம், வலு அதிகம். இதைத்தான் "ஃபைபர்" என்கிறோம்.

புதுச்சேரிக் கடற்கரைக்காரர்களுக்கு ஃபைபர் புதிது அல்ல. 2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு, கட்டுமரங்கள் இருந்த இடத்தை எல்லாம் பெரும்பாலும் ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. படகு ஐந்து கிலோ கூடினால் மீனவர் கவலைப்பட மாட்டார். விமானக்காரருக்கோ ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ஒரு கிலோ பட்டி கூடினால், அந்த எடைக்கு ஈடாகச் சுமார் 1.4 லிட்டர் பெட்ரோலைக் குறைக்க வேண்டியிருக்கும்.

அச்சு உண்டு, அச்சு இல்லை

வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த ஊர்க் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சுடுமண் பொம்மையை இரண்டு விதமாகச் செய்யலாம். அச்சில் அழுத்தி எடுப்பது ஒன்று. கையாலேயே உருட்டி, ஒட்டி, தடவிச் செய்வது இன்னொன்று. அச்சில் எடுத்த பொம்மை வழவழப்பாக வரும். கைப் பொம்மையைத் தடவித் தடவித்தான் வழவழப்பாக்க வேண்டும்.

விமானத்திலும் அப்படித்தான். தொழிற்சாலைகளில் பளபளப்பான அச்சுக்குள் துணியை அடுக்கி எடுக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு விமானம் கட்டப் போகிறவர் அவ்வளவு பெரிய அச்சு செய்ய முடியுமா? செலவு தாங்காது.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவைச் சேர்ந்த பர்ட் ருட்டான். நுரைப் பஞ்சு போன்ற கட்டியை இறக்கை வடிவத்தில் சூடான கம்பியால் அறுத்தார். அதன் மேல் கண்ணாடித் துணியைப் போர்த்திப் பிசின் பூசினார். அச்சே வேண்டாம்! அவருடைய "வேரி ஈஸி" விமானம் 1975-ம் ஆண்டிலும், "லாங் ஈஸி" விமானம் 1979-ம் ஆண்டிலும் முதன்முதலாகப் பறந்தன. வரைபடங்களை விலைக்குக் கொடுத்தார். வாங்கியவர்கள் தங்கள் வீட்டுக் கார் கொட்டகையிலேயே விமானம் கட்டினார்கள்.

அவர் வடிவமைத்த "வாயேஜர்" விமானம் 1986-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், எங்கும் இறங்காமலும் நடுவழியில் பெட்ரோல் போடாமலும், ஒன்பது நாட்களில் உலகத்தைச் சுற்றி வந்தது. அதுவும் நாரும் பிசினும்தான்!

நம் நாட்டில்

பெங்களூர் ஆய்வுக்கூடமும் லாங் ஈஸி வரைபடத்தைப் பின்பற்றி ஒரு விமானத்தைக் கட்டியது. 1987-ம் ஆண்டில் அது பறந்தது. பிறகு அதே கூடத்தில் பிறந்த ஹன்சா 1993-ம் ஆண்டில் பறந்தது. அதன் புதிய தலைமுறைதான் புதுச்சேரிக்கு வந்த ஹன்சா என்.ஜி.

வீட்டிலேயே கட்டியவரும் நம் நாட்டில் உண்டு. மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ், குடியிருப்புக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினார். 2016-ம் ஆண்டு மும்பையில் நடந்த கண்காட்சியில் மக்கள் அதைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு அது அரசாங்கத்தில் பதிவாயிற்று. அது உலோகத் தகடு வேய்ந்த விமானம். நூலும் பிசினும் சேர்ந்த விமானம் என்றால், பட்டி வேலை இன்னும் அதிகம்.

முதலில் தட்டிப் பார்!

அச்சு இல்லாமல் செய்த இறக்கை எப்படி இருக்கும்? சாக்குத் துணியைத் தொடுவது போலச் சொரசொரப்பாக இருக்கும். துணி மேல் துணி ஏறிய இடத்தில் வரப்பு தெரியும். இரண்டு பாகங்கள் சேர்ந்த இடத்தில் பள்ளம் இருக்கும்.

உடனே பட்டியை எடுத்துப் பூசிவிடலாமா? கூடாது!

சந்தையில் பானை வாங்குகிற பெண்கள் என்ன செய்கிறார்கள்? விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறார்கள். கணீர் என்றால் நல்ல பானை. மொத்தென்று கேட்டால் எங்கேயோ விரிசல். விமானம் கட்டுகிறவரும் ஒரு காசை எடுத்து, இறக்கை முழுவதும் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போகிறார். ஓசை ஓரிடத்தில் மாறினால், அங்கே துணிக்கும் உள்கட்டிக்கும் நடுவே காற்று அடைத்திருக்கலாம். ஒட்டு விட்டிருக்கலாம். அதை முதலில் சரி செய்ய வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? பட்டி எல்லாவற்றையும் மூடிவிடும். நல்ல வேலையையும் மூடும். கெட்ட வேலையையும் மூடும். மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆயிரம் அடி உயரத்தில் அது தன்னைக் காட்டிக்கொள்ளும்! ஆகவே பரிசோதனை எல்லாம் பட்டிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வெண்ணெய்ப் பதம்

விமானப் பட்டி கடையில் விற்கும் சுவர்ப் பட்டி அல்ல. பிசினோடு ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்து செய்கிறார்கள். பார்த்தால் மாவு போல இருக்கும். மூச்சு விட்டால் பறக்கும். உண்மையில் அது மாவு அல்ல. கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குமிழ்கள்! ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான் இருக்கும். உள்ளே வெற்றிடம் போல லேசாக இருப்பதால், கலவையின் எடை வெறும் பிசினைவிட மிகவும் குறைந்துவிடும்.

பிசினையும் அதை இறுக வைக்கும் திரவத்தையும் அளந்து கலக்க வேண்டும். கண் திட்டம் உதவாது. அளவு தவறினால் எத்தனை நாள் ஆனாலும் இறுகாது. ஒரே பாத்திரத்தில் நிறையக் கலந்து வைத்தாலும் தொல்லை. அது தானே சூடேறி, பூசுவதற்கு முன்பே பாத்திரத்தோடு கல்லாகிவிடும்.

பிறகு குமிழ்ப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறுகிறார்கள். எதுவரை? வெண்ணெய்ப் பதம் வரும்வரை. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் வழியக் கூடாது. வழிந்தால் பிசின் அதிகம் என்று பொருள். பிசின் அதிகமானால் எடையும் அதிகம். தேய்ப்பதும் கடினம்.

பூசுவதற்கு முன் பரப்பை லேசாகத் தேய்த்து, வெறும் பிசினை மெல்லிய படலமாக ஒரு கை தடவ வேண்டும். அப்போதுதான் பட்டி பிடிக்கும். பட்டியை, வேண்டியதற்கு மேல் சற்று உயரமாகவே, ஒரே தடவையில் பூசிவிட வேண்டும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று ஒட்டுப் போட்டால் மேடு பள்ளம் பெருகுமே தவிரக் குறையாது.

பாகூர் வயல் சொல்லும் பாடம்

பட்டி இறுகிவிட்டது. இனி உப்புத்தாள் வேலை.

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது பாகூர். நடவுக்கு முன் அங்கே வயலை எப்படிச் சமன் செய்வார்கள்? உழுத சேற்றின் மேல் நீளமான பரம்புப் பலகையை இழுப்பார்கள். மண்வெட்டியால் தட்டிச் சமன் செய்தால், மண்வெட்டி மேட்டிலும் ஏறும், பள்ளத்திலும் இறங்கும். நீளப் பலகையோ மேட்டை மட்டும் வழித்துக்கொண்டு போகும். பள்ளத்தைத் தாண்டிச் செல்லும்.

விமானத்துக்கும் இதே சூத்திரம்தான்! உப்புத்தாளைக் கையில் மடித்து வைத்துத் தேய்த்தால், விரல் போன இடமெல்லாம் குழி விழும். ஆகவே இரண்டு மூன்று அடி நீளமுள்ள நேரான பலகையில் உப்புத்தாளை ஒட்டிக்கொள்கிறார்கள். முதலில் 36, 40 எண் கொண்ட முரட்டுத் தாள். பிறகு 80. அதன் பிறகு இன்னும் மெல்லிய தாள்கள். நேராக இழுப்பதில்லை. வலமிருந்து இடமாக ஒரு முறை சாய்வாக, இடமிருந்து வலமாக ஒரு முறை சாய்வாக, குறுக்கும் நெடுக்குமாக இழுக்கிறார்கள்.

பள்ளம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வயலில் தண்ணீர் கட்டினால், தண்ணீர் நிற்கும் இடம் பள்ளம், தலை தூக்கும் இடம் மேடு. இறக்கையில் தண்ணீர் கட்ட முடியாது. அதற்குப் பதில் பென்சிலால் கோடு கோடாகக் கிறுக்கிவிடுகிறார்கள். அல்லது கறுப்புச் சாயத்தை லேசாக ஊதிவிடுகிறார்கள். பலகையால் தேய்த்ததும் மேட்டில் உள்ள கோடு அழிந்துவிடும். பள்ளத்தில் உள்ள கோடு அப்படியே நிற்கும். அங்கே மறுபடியும் பட்டி!

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தப்பிய மேட்டை உள்ளங்கை கண்டுபிடித்துவிடும். பூசிய பட்டியில் பெரும்பகுதி தூளாகத் தரையில் கிடக்கும். இறக்கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம்தான் வேலைக்காரரின் கெட்டிக்காரத்தனம்.

நிறுத்தத் தெரிய வேண்டும்

தேய்ப்பவருக்கு ஒரு பெரிய சோதனை உண்டு. ஒரு சிறு மேடு கரைய மறுக்கிறது. இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும் என்று கை துடிக்கும். ஆனால் அந்த மேடு பட்டியா, கீழே இருக்கும் கண்ணாடித் துணியா?

துணியாக இருந்தால் போச்சு! ஓர் அடுக்குத் துணியின் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இராது. முரட்டு உப்புத்தாளுக்கு அது ஒரு நிமிஷ வேலை. இறக்கையைத் தாங்குவது பட்டி அல்ல, அந்தத் துணிதான். இழை அறுந்தால் வலு போய்விடும். மேலே எத்தனை பட்டி பூசினாலும் போன வலு திரும்பாது. அறுந்த இடத்தில் புதுத் துணி வைத்து ஒட்ட வேண்டும்.

ஆகவே அனுபவசாலிகள் மேட்டைக் குறைப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள பள்ளத்தை உயர்த்துகிறார்கள். துணியின் நெசவு தெரிய ஆரம்பித்ததும் கை தானாக நின்றுவிட வேண்டும்.

மழையில் தாழ்ந்த மூக்கு

இவ்வளவு பாடு எதற்கு? சற்றுச் சொரசொரப்பாக இருந்தால் விமானம் பறக்காதா?

ஓடையில் தெளிந்த நீர் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரு கல் குறுக்கிட்டால் சுழித்துக்கொண்டு நுரைக்கிறது. இறக்கை மேல் ஓடும் காற்றும் அப்படித்தான். வழவழப்பாக இருந்தால் வழுக்கிப் போகும். மேடு தட்டினால் சுழிக்கும். சுழித்தால் வேகம் குறையும். சில இறக்கைகளில் தூக்கும் சக்தியும் குறையும்.

வேரி ஈஸி, லாங் ஈஸி விமானங்களுக்கு முன் பக்கத்திலும் ஒரு சிறு இறக்கை உண்டு. அவை மழைக்குள் நுழைந்தால், அந்த முன் இறக்கையில் நீர்த்துளிகள் படியும். துளி எவ்வளவு பெரியது? குன்றிமணி அளவுகூட இராது. ஆனால் அது போதும். தூக்கும் சக்தி குறைந்து, விமானத்தின் மூக்குத் தாழும். விமானி பிடியை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். பிற்பாடு ஜான் ரோன்ஸ் என்பவர் மழைக்கு அசையாத புதிய முன் இறக்கை வடிவம் ஒன்றைக் கொடுத்தார்.

நீர்த்துளிக்கே இந்தப் பாடு என்றால், பட்டியில் விட்ட மேடு என்ன செய்யும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

கைப்பிடிப் பட்டி; பெரிய ஆபத்து

இறக்கையின் பின் ஓரத்தில் கதவு போலக் கீலில் அசையும் பலகைகள் உண்டு. விமானத்தைத் திருப்புவதும், ஏற்றி இறக்குவதும் அவைதான். அவற்றைத் தராசு போலச் சமன் செய்து வைத்திருப்பார்கள். கீலுக்கு முன்னால் எடை, பின்னால் பலகை.

இந்தப் பலகையின் பின் ஓரத்தில் ஒரு கைப்பிடிப் பட்டி கூடுதலாக ஏறினால் என்ன ஆகும்? சமன் கெட்டுவிடும். நின்றுகொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியாது. வேகமாகப் பறக்கும்போது, காற்றில் கொடி படபடப்பது போலப் பலகை படபடக்கத் தொடங்கும். சில விநாடிகளில் பலகையோ, இறக்கையோ பிய்ந்துவிடலாம்!

ஆகவே அந்தப் பலகைகளுக்கு மிக மெல்லிய பட்டிதான். வர்ணம் பூசி முடிந்த பிறகு மறுபடியும் அவற்றைக் கழற்றி, தொங்கவிட்டு, சமன் பார்த்த பின்புதான் விமானத்தில் மாட்ட வேண்டும். முழு விமானத்தையும் மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும்.

மழைக்காலமும் வெயிலும்

நம் ஊர்ப் பருவமும் இந்த வேலையில் தலையிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புதுச்சேரிக் காற்றில் ஈரம் அதிகம். ஈரக் காற்றில் சில பிசின்களின் மேல் மெழுகு போன்ற பிசுபிசுப்பு படியும். அதைத் தண்ணீரால் கழுவித் துடைக்காமல் அடுத்த பூச்சுப் பூசினால், அது ஒட்டாமல் உரிந்துவிடும்.

பட்டியைத் தேய்த்து முடித்ததும் ஊசி முனை அளவுத் துளைகள் தெரியும். தேய்க்கும்போது உடைந்த குமிழ்களும், சிக்கிக்கொண்ட காற்றும் விட்ட துளைகள் அவை. மெல்லிய பிசினை இழுத்துப் பூசி அவற்றை அடைக்கிறார்கள். அப்படியே விட்டால் வர்ணத்தின் மேல் ஒவ்வொன்றும் அம்மைத் தழும்பு போலத் தெரியும்.

அதன் பிறகு பிரைமர், கடைசியில் வர்ணம். என்ன வர்ணம்? வெள்ளை! ஃபைபர் விமானங்கள் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல. கறுப்பு வர்ணம் வெயிலை உறிஞ்சும். சூடு ஏறினால் பிசின் இளகும். சித்திரை வெயிலில் கறுப்புக் காரின் கூரையில் கை வைத்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூக்குக்கும் தோலுக்கும் காவல்

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. கண்ணாடித் தூள் மூச்சோடு உள்ளே போகக் கூடாது. தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாது. தூசியை வடிகட்டும் நல்ல முகமூடி வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும்.

பிசின் வெறுங்கையில் படக் கூடாது. இன்று ஒன்றும் செய்யாது. நாளையும் ஒன்றும் செய்யாது. ஒரு நாள் திடீரென்று தோல் ஒவ்வாமை வந்துவிடலாம். வந்துவிட்டால் பிறகு அந்தப் பிசின் இருக்கும் பக்கமே போக முடியாமல் ஆகலாம். கையுறையின் விலை கொஞ்சம். கையின் விலை அதிகம். படகுப் பட்டறையில் ஃபைபர் வேலை செய்யும் தம்பிகளுக்கும் இது பொருந்தும்.

கையே மூலதனம்

புதுச்சேரி மண்ணில் பரப்பைத் தடவிப் பழகிய கைகளுக்குப் பஞ்சம் இல்லை. வில்லியனூரில் ஈர மண்ணைத் தடவுகிறார்கள். திருக்கனூரில் காகிதக் கூழ்ப் பொம்மையைக் காய வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, வர்ணம் தீட்டுகிறார்கள். கடலோரத்தில் ஃபைபர் படகின் உடைசலைப் பழுது பார்க்கிறார்கள். வண்டிப் பட்டறைகளில் அடிபட்ட காருக்குப் பட்டி பார்க்கிறார்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் உள்ளங்கைதான் மூலதனம்.

நம் நாட்டில் நூலும் பிசினும் சேர்ந்த விமானங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. அவற்றைச் செய்யவும், அடிபட்டால் சீராக்கவும் கைகள் வேண்டும். அளந்து கலக்கவும், தட்டிப் பார்க்கவும், எடையைக் கணக்கிடவும் கற்றுக்கொண்டால், சுவருக்கும் காருக்கும் பட்டி பார்க்கும் கை விமானத்துக்கும் பழகும்.

பூசத் தெரிந்தவர்கள் பலர். தேய்க்கத் தெரிந்தவர்கள் சிலர். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்தான் கைதேர்ந்தவர். அவர் பெயர் இறக்கையில் எழுதப்படுவதில்லை. ஆனால் மேலே பறக்கிறவரின் உயிரை, அவர் தேய்க்காமல் விட்ட அந்த அரை மில்லிமீட்டர்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது!